கீச்சான் ஒத்துக்கொள்ளவில்லை

"கரண்டு போனா எல்லாரும் அப்பாடான்னு உட்கார்றாங்க. நீ மட்டும் ஏன்டி எழுந்து ஓடுறே?" என்று பக்கத்து வீட்டுச் சித்தி ஒருமுறை என்னைக் கேட்டாள்.

நான் சிரித்து மழுப்பினேன். பதில் தெரியாமல் இல்லை. யாராவது முகத்துக்கு நேரே ஒன்றைக் கேட்டால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் அதுதான் காரணம் என்று வீட்டில் சொல்வார்கள். அது பாதி உண்மை. மீதியைச் சொல்லி இப்போது ஆகப்போவது ஒன்றுமில்லை.

நான் ஓடியது பிளக்குகளைப் பிடுங்க. கரண்டு போவதால் எந்தப் பொருளும் கெடுவதில்லை. திரும்பி வரும்போதுதான் கெடும். தாழ்ப்பாள் போட்ட கதவை ஒரே உதையில் திறந்துகொண்டு வருகிறவனைப் போல வரும். எங்கள் டிவி அப்படித்தான் போனது. அம்மா பார்த்துக்கொண்டிருந்த தொடரின் நடுவில் கரண்டு போய், கொஞ்ச நேரத்தில் வந்தது. பட்டென்று ஒரு சத்தம், கருகிய ரப்பர் வாசனை. அவ்வளவுதான். "நல்லவேளை, உள்ளே அழுதுகிட்டு இருந்தவங்க முன்னாடியே தப்பிச்சுப் போயிட்டாங்க" என்றார் அப்பா. அம்மா அன்று அவருக்குச் சாப்பாடு போடவில்லை.

அன்றிலிருந்து யாரும் சொல்லாமலே அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். கரண்டு போனதும் எல்லாவற்றையும் பிடுங்குவேன். வந்ததும் முதலில் ஒரே ஒரு விளக்கைப் போட்டு, அது துடிக்காமல் எரிகிறதா என்று பார்ப்பேன். பிறகு ஃபேன். பிறகு ஃபிரிட்ஜ். எல்லாம் ஒழுங்காக ஓடிய பிறகு கடைசியாக அக்காவின் கம்ப்யூட்டர்.

அக்கா இந்த வருஷத் தொடக்கத்திலிருந்து எங்களோடு இருந்தாள். "சும்மா நாலு நாள் இருக்கலாம்னு வந்திருக்கா" என்று கேட்கிறவர்களிடமெல்லாம் அம்மா சொல்வாள். அந்த நாலு நாள் முடியவே இல்லை. அவள் வந்த அன்று ஆட்டோவில் கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாள். உடுத்துகிற துணியெல்லாம் அப்புறம்தான் வந்தது.

அவள் ஓர் அச்சகத்துக்குப் புத்தகப் பக்கங்களை அமைத்துத் தருகிறவள். வேலை சுத்தமாக இருந்ததால், தினமும் அச்சகத்துக்கே வந்து உட்காரும்படியும் மாதச் சம்பளம் தருவதாகவும் முதலாளி சொன்னார். அத்தானுக்கு அது பிடிக்கவில்லை. "வேலை செய்ய வேண்டாம்னு நான் சொல்லவே இல்லையே. வீட்டுல உட்கார்ந்து செய். அங்க போய் பத்து ஆம்பளைங்களுக்கு நடுவுல எதுக்கு?" என்பது அவர் பேச்சு. அதைக் கத்திச் சொல்ல மாட்டார். சிரித்துக்கொண்டே சொல்வார், தினமும் சொல்வார். அக்கா அதைக் கேட்டுக் கேட்டுத்தான் கிளம்பி வந்தாள்.

புயல் அடித்து மின்கம்பங்கள் சாய்ந்த வாரம் அவள் கையில் ஒரு பெரிய புத்தகம் இருந்தது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கான வினா விடைப் புத்தகம். கெடு சொன்ன நாளின் சாயங்காலத்துக்குள் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் அச்சகத்தில் அந்த நாற்காலி அவளுக்கு. கொடுக்காவிட்டால் முதலாளி வேறு ஆளைப் பார்த்து வைத்திருக்கிறார். அதையும் அவர் மறைக்காமல் சொல்லிவிட்டார். செய்து முடித்த பக்கங்கள், முடிக்காத பக்கங்கள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. எங்கள் தெருவிலோ கரண்டு வருகிற அறிகுறியே இல்லை. கம்பத்தைத் தூக்கி நிறுத்த வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, டீ குடிக்கப் போனவர்கள் போனவர்கள்தான்.

அந்தக் கெடு நாள் காலையில் முதலாளி போன் செய்தார். "பெட்டியைத் தூக்கிக்கிட்டு இங்க வந்துடும்மா. இங்க பெரிய ஜெனரேட்டர் ஓடுது. ஒரு மூலையில உட்கார்ந்து முடிச்சுக்கோ."

அக்கா உடனே எழுந்துவிட்டாள். அம்மா வாசற்படிக்குக் குறுக்கே வந்து நின்றாள்.

"மாப்பிள்ளை ஜெனரேட்டர் எடுத்துக்கிட்டு வர்றாரு. வந்துக்கிட்டே இருக்காரு."

"அவருக்கு யார் சொன்னது?"

"யாரோ சொன்னாங்க."

"அந்த யாரோ நீதானேம்மா?"

"ஆமா, நான்தான். உனக்காக ஒரு மனுஷன் மழையில அலைஞ்சு தூக்கிட்டு வர்றப்போ நீ அங்க போய் உட்கார்ந்தேன்னா நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவரைப் பார்க்கிறது?"

அக்கா உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அவள் கால் உட்காரவில்லை. நாற்காலிக்கு அடியில் அது ஆடிக்கொண்டே இருந்தது. ஜன்னலுக்குப் போவாள், வருவாள். விசைப்பலகையில் இல்லாத தூசியைத் துடைப்பாள். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவள் போகிற இடமெல்லாம் நானும் போனேன். "ஏன்டி வாலு மாதிரி வர்றே?" என்று எரிந்து விழுந்தாள். பிறகு என் தலையில் கை வைத்தாள். கை ஜில்லென்று இருந்தது.

அத்தான் மத்தியானத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். ஒரு சிறிய வேனின் பின்னாலிருந்து ஜெனரேட்டரை இறக்கினார். நீல நிறம், பெட்டி படுக்கையோடு ஊருக்குப் போகிறவர்கள் தூக்குகிற பெட்டி அளவு. மைக் செட் வைத்திருக்கும் நண்பரிடம் கேட்டு வாங்கி வந்தாராம். அத்தான் கெட்டவர் இல்லை. வரும்போதெல்லாம் கையில் எதையாவது தூக்கிக்கொண்டுதான் வருவார். எனக்கு வாயில்லாப் பூச்சி என்று பெயர் வைத்து, பிறகு அதைப் பூச்சி என்று சுருக்கியவரும் அவர்தான்.

"என்ன பூச்சி, இருட்டுல பயந்துட்டியா?"

நான் தலையை ஆட்டினேன். ஆமா என்றா இல்லை என்றா என்பது எனக்கே தெரியவில்லை.

ஜெனரேட்டரை உள்ளே கொண்டுவந்து வைக்கலாம் என்றார் அத்தான். பேருந்து ஓட்டிப் பழகிய அப்பா மட்டும், "வேண்டாம் மாப்பிள்ளை, அந்தப் புகை ஆளையே தூங்க வச்சுடும்" என்று பக்கவாட்டுச் சுவரோரம் கூரைக்கு அடியில் வைக்கச் சொன்னார். தூறல் தெறித்தது. அதனால் அப்பாவே குடை பிடித்துக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றார்.

"எனக்குக்கூட இந்த வீட்ல யாரும் இப்படிக் குடை பிடிச்சதில்லை" என்றார்.

அத்தான் கயிற்றை இழுத்தார். அது இருமியது. மறுபடி இழுத்தார், மறுபடி இருமியது. சட்டை முழுவதும் நனைந்த பிறகு பெரிய சத்தத்தோடு பிடித்துக்கொண்டது. ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. அதற்குப் பிறகு வீட்டில் எல்லாருமே கத்திப் பேச வேண்டியதாகிவிட்டது.

நீளமான ஒயரை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து, பல பிளக்குகள் செருகுகிற பலகை ஒன்றைக் கூடத்தின் நடுவில் வைத்தார். "பாரு, இனிமே நீ எங்கேயும் போக வேண்டாம். உன் மூலையிலேயே ராணி மாதிரி உட்கார்ந்து வேலை பாரு" என்றார் அக்காவிடம். ஜெனரேட்டரை அவர் எதற்காகத் தூக்கிவந்தார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அக்காவுக்கு முன்பே புரிந்திருக்கும்.

"சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும்" என்றாள் அக்கா.

"முடி. யாரு வேண்டாம்னாங்க?"

நான் வழக்கம்போல முதலில் மேஜை விளக்கை அந்தப் பலகையில் செருகினேன். அது எரிந்தது, ஆனால் ஒரே மாதிரி எரியவில்லை. யாரோ ஊதுகிற அடுப்பு மாதிரி பளீரென்று ஏறி, மங்கி, மறுபடி ஏறியது. டேபிள் ஃபேனைச் செருகினேன். அது வேகமாக ஓடும், பிறகு மூச்சு வாங்கி மெதுவாகும், பிறகு யாரோ துரத்துகிற மாதிரி ஓடும். ஃபிரிட்ஜுக்கு ஒரு பழைய ஸ்டெபிலைசர் உண்டு. அதன் கண்ணாடிக்குள் கரண்டு எவ்வளவு வருகிறது என்று காட்டும் முள் ஒன்று இருக்கும். நான் அதைச் செருகினேன். முள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. உள்ளே டக் என்று சத்தம் கேட்டது, ஃபிரிட்ஜுக்குக் கரண்டை நிறுத்திவிட்டது.

"முள்ளு பழசு" என்றார் அத்தான்.

"ஃபேனும் ஒரு மாதிரி ஓடுதே மாப்பிள்ளை?" என்று ஜன்னலுக்கு வெளியிலிருந்து கேட்டார் அப்பா.

"அதுக்கு எண்ணெய் விடணும் மாமா."

"விளக்கு?"

"புது விளக்கா மாத்துங்க. எத்தனை வருஷமா அதையே வச்சிருக்கீங்க?"

அப்பா குடைக்குள் தலையை இழுத்துக்கொண்டார். "சரிதான். வீட்ல எல்லாம் கெட்டுப்போச்சு, இது ஒண்ணுதான் நல்லா இருக்கு" என்று ஜெனரேட்டரிடமே சொன்னார்.

அம்மாவுக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. கரண்டு வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் அவள் தண்ணீர் மோட்டாரின் ஒயரையும் அந்தப் பலகையிலேயே செருகிவிட்டாள். தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லைதான். மோட்டார் கிளம்பியதும் ஜெனரேட்டர் பாரம் ஏறிய கழுதையைப் போல முனகியது. விளக்கு சிவந்து, கிட்டத்தட்ட அணைந்தே போனது. "ஐயையோ" என்று அம்மா மோட்டாரை நிறுத்தினாள். நிறுத்திய வேகத்தில் விளக்கு கண்ணைக் கூசுகிற அளவுக்கு வெள்ளையாக எரிந்தது. நல்லவேளையாக அப்போது கம்ப்யூட்டர் செருகப்படவில்லை.

அக்கா காத்திருந்து களைத்துப்போயிருந்தாள். "போதும்டி, போடு" என்றாள்.

கம்ப்யூட்டருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு யூ.பி.எஸ். உண்டு. கரண்டு போனால் கீச்கீச்சென்று கத்தும் என்பதால் வீட்டில் அதற்குக் கீச்சான் என்று பெயர். பாட்டரி பழையது. செய்த வேலையைச் சேமித்துவிட்டுக் கம்ப்யூட்டரை அணைக்க மட்டும் நேரம் கொடுக்கும். நான் கீச்சானைப் பலகையில் செருகினேன். பச்சை விளக்கு வந்தது. அக்கா கம்ப்யூட்டரைத் தட்டினாள். திரை வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. புத்தகத்தின் பக்கங்கள் வரிசையாகத் திறந்தன. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வேலையில் இறங்கினாள். எனக்கும் மூச்சு வந்தது.

டக். கீச்.

பச்சை சிவப்பானது. மறுபடி பச்சை. டக். கீச் கீச். மறுபடி சிவப்பு. ஜெனரேட்டரிலிருந்து வருகிற கரண்டை அது ஒரு வாய் வாங்குவதும் துப்புவதுமாக இருந்தது. துப்பிய நேரமெல்லாம் தன் பாட்டரியிலிருந்து கொடுத்தது. பாட்டரியில் எவ்வளவுதான் இருக்கும்? கத்தல் நீளமாகிக்கொண்டே போனது. அக்கா பதறிப்போய்ச் சேமித்தாள். சேமித்த கையோடு திரை கறுத்தது.

"என்னங்க இது?" என்றாள். அழுகை வந்துவிடும் போலிருந்தது.

அத்தான் குனிந்து கீச்சானைக் காலால் லேசாகத் தட்டிப் பார்த்தார். "இது செத்துப்போச்சு. ஜெனரேட்டர்ல ஒண்ணும் இல்லை. இதைத் தூக்கி எறிஞ்சுட்டு நேரா பலகையில போடு. ரெண்டு நிமிஷ வேலை."

எனக்குப் பதைபதைத்தது. கீச்சான் சாகவில்லை. விளக்கும் ஃபேனும் முள்ளும் சொன்னதைத்தான் அதுவும் தன் பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தது. இந்தக் கரண்டு எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அது வாசலிலேயே தடுத்து நின்றது. அதை எடுத்துவிட்டால் வருவதெல்லாம் நேராகப் பெட்டிக்குள் போகும். இவ்வளவும் மனசுக்குள் கோவையாக ஓடியது. வாய்க்கு வந்ததும் ஒரு எழுத்துகூடத் தேறவில்லை.

அக்கா மேஜைக்கு அடியில் நுழைந்துவிட்டாள். கம்ப்யூட்டரின் பிளக்கைக் கீச்சானிலிருந்து உருவினாள். நானும் அடியில் நுழைந்து அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டேன். ஒரு முனை அவள் கையில், நடு ஒயர் என் கையில். நாங்கள் இரண்டு பேரும் தரையில் முட்டி போட்டு, சின்ன வயதில் ஒரே பாவாடைக்குச் சண்டை போட்ட மாதிரி இழுத்துக்கொண்டிருந்தோம்.

"விடுடி."

நான் தலையை இடவலமாக ஆட்டினேன்.

"எனக்கு நேரம் இல்லை. விடு. முடிக்கலைன்னா என் கதி என்னன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியும். அதனால்தான் பிடித்திருந்தேன்.

"என்னடி அவளோட மல்லுக்கு நிக்கிறே?" என்று அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். "மாப்பிள்ளைக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுடுச்சு?"

"விடுங்க அத்தை. பூச்சிக்குப் பயம்" என்று அத்தான் சிரித்தார். "இங்க பாரு பூச்சி, ஒண்ணும் ஆகாது. என்னை நம்பு. நான் இருக்கேன் இல்ல?"

என் விரல்கள் வியர்த்து ஒயரில் வழுக்கின. அக்கா பலமானவள். பிளக்கு பலகையை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. வெளியே ஜெனரேட்டர் ஏறியும் இறங்கியும் உறுமியது. ஃபேன் மேஜை மேல் ஓடியது, மூச்சு வாங்கியது, மறுபடி ஓடியது.

அப்போது அத்தானுக்குப் போன் வந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு எடுத்தார். "ஆங், சொல்லு. இங்கதான், மாமா வீட்ல. கேட்கலை, சத்தமா பேசு. என்னது? இரு இரு, சார்ஜ் சுத்தமா இல்லை, கட் ஆயிடும். வண்டிக்குப் போய் சார்ஜ்ல போட்டுட்டுக் கூப்பிடுறேன்."

போனைச் சட்டைப் பையில் வைத்து, வண்டிச் சாவியைத் தேடினார். வெளியே மழை பெரிதாகியிருந்தது. வேன் தெருக்கோடியில் தண்ணீர் இல்லாத மேட்டில் நின்றிருந்தது. இந்த மழையில் பாவம் அவ்வளவு தூரம் எதற்குப் போகிறார் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அதை மட்டும்தான் நினைத்தேன். பலகை என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் இடமும் இருந்தது.

"இங்கேயே போடலாமே, அத்தான்" என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அத்தானிடம் நான் பேசிய முதல் வாக்கியமே அதுதான் என்று நினைக்கிறேன். அவரும் ஆச்சரியத்தில் நன்றாகச் சிரித்தார்.

"அட, பூச்சி பேசுது! இல்லைம்மா, வண்டியிலேயே போட்டுக்கிறேன். இது புது போன். இந்த ஜெனரேட்டர்ல போய்ப் போட்டா..."

அவர் அங்கே நின்றுவிட்டார்.

அம்மாவின் வாய் திறந்தபடி இருந்தது. ஜன்னலில் அப்பாவின் முகம் தெரிந்தது, குடை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஜெனரேட்டர் நனைந்துகொண்டிருந்தது. அத்தான் சட்டைப் பைக்கு மேல் கை வைத்திருந்தார். நெஞ்சில் வலி வந்தவர் வைக்கிற மாதிரி இருந்தது. "இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா, இந்த போனோட சார்ஜர் வேற மாதிரி..." என்று ஆரம்பித்தார். அந்த வாக்கியமும் முடியவில்லை.

அக்கா இழுப்பதை விட்டிருந்தாள். எப்போது விட்டாள் என்று தெரியவில்லை. பிளக்கு முழுவதும் என் கையில் இருந்தது.

அவள் மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். முட்டியைத் தட்டிக்கொண்டாள். அத்தானைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தப் பையைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். நெடுநாளாகக் கூட்டிக்கொண்டே வந்த கணக்குக்கு விடை கிடைத்தவளைப் போல, அமைதியாகப் பார்த்தாள்.

பிறகு அவள் கைகள் வேகமாக வேலை செய்தன. பெட்டியின் பின்னாலிருந்து ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். நான் பிளக்கை அவளிடம் நீட்டினேன். வாங்கிச் சுருட்டிப் பையில் போட்டாள். கொடியில் கிடந்த தன் மழைக்கோட்டை எடுத்து, அதைப் பெட்டிக்குப் போர்த்தி, பித்தான்களைப் போட்டு, கோட்டின் கைகள் இரண்டையும் முடிச்சாகக் கட்டினாள்.

"என்னடி பண்றே? மாப்பிள்ளை நிக்கிறாருடி" என்றாள் அம்மா.

"மழையில எங்க போறே? இரு, நான் வேற ஜெனரேட்டர் பார்க்கிறேன். ஒரு மணி நேரம் குடு" என்றார் அத்தான். அந்தக் குரலில் சிரிப்பு இல்லை. கெஞ்சல் மாதிரி இருந்தது. எனக்கே பாவமாக இருந்தது.

"சரி, வண்டியில கொண்டுபோய் விடவாவது விடு" என்றார் மறுபடியும். அவர் அச்சகத்துக்குக் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மா அக்காவின் முகத்தையே பார்த்தாள். இப்போதாவது ஒரு வார்த்தை பேசிவிடேன் என்று அவள் கண் கேட்டது.

அக்கா புடவையை இழுத்துச் செருகினாள். குனிந்து பெட்டியைத் தூக்கி, குழந்தையை வைத்துக்கொள்வது போல இடுப்பில் வைத்துக்கொண்டாள். கதவைத் திறக்க அவளுக்குக் கை இல்லை. நான் ஓடிப்போய்த் திறந்தேன். மழைச் சாரல் எங்கள் இரண்டு பேர் முகத்திலும் அடித்தது. தெருவில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

படியில் ஒரு கணம் நின்று காலால் ஆழம் பார்த்தாள். பிறகு இறங்கினாள். அத்தான் வாசல் வரைக்கும் வந்தார். அப்பா ஜன்னலோரத்திலிருந்து எட்டிப் பார்த்தார். அக்கா யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நடந்து போய், தெருமுனையில் அச்சகத்துப் பக்கம் திரும்பினாள்.